இலையில்லாப் புதருக்கு என்ன விலை?

லடாக்கின் லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மி.மீ.தான். அந்தக் குளிர்ப்பாலையின் சரளைச் சரிவுகளில், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், துடைப்பக் குச்சிகளை நட்டு வைத்ததுபோல் நிற்கிறது எஃபெட்ரா ஜெரார்டியானா என்னும் குறும்புதர். வடநாட்டு மருத்துவர் இதைச் சோமலதை என்பர். வேதகாலச் சோமம் இதுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பைன் மரத்தைப் போலவே இதுவும் திறந்தவிதைத் தாவரம். உண்மையான பூவும் கனியும் இதற்கு இல்லை. சிவந்து பழம்போல் தோன்றுவது, விதையைச் சூழ்ந்து சதைப்பற்றாகும் செதில்களே. இலைகளோ கணுக்களில் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. அதனால் நீரிழப்பு குறைவு. உணவு தயாரிக்கும் பணியைப் பச்சைத் தண்டே ஏற்கிறது. பொருளியல் கற்பித்த எனக்கு இதைவிடச் சிக்கனமான வரவு - செலவுத் திட்டம் தெரியாது.

இதே பேரினச் செடியிலிருந்து 1885-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். ஆஸ்துமாவுக்கு மருந்தான அப்பொருளே மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருளுக்கும் மூலமாகிறது. ஆப்கானிஸ்தான் மலைகளில் எஃபெட்ரா பெருமளவில் அறுக்கப்பட்டது அதற்காகத்தான். 2021 இறுதியில் அங்கு அறுவடைக்குத் தடை வந்தது.

நம் இமயத்தில் ஆபத்து வேறு வகை. மரம் அரிதான மண்ணில் கட்டைவேர் கொண்ட புதரெல்லாம் விறகு. தண்டை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் சரிவின் மண்ணும் உடன் போகும். பிடுங்குவோரைக் குறைசொல்லிப் பயனில்லை. காவலுக்கு ஆள் நியமிப்பதற்கு முன், கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு உருளைகளை இலையுதிர்காலத்திலேயே அக்கிராமங்களில் இருப்பு வைக்க வேண்டும். கணவாய்களைப் பனி மூடிவிட்டால் லாரிகள் போய்ச் சேர்வது கடினம்.