காற்றுக்கும் ஒரு தட்டு விடுங்கள்!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் நாத்தனார் வீட்டுக்குப் போய்வர வருஷத்தில் இரண்டு தடவைதான் கைகூடுகிறது. இந்தத் தடவை போனபோது குழந்தைக்கு இருமல்.

"ராத்திரியில இழுக்குது அண்ணி. டாக்டர் மருந்து கொடுத்திருக்கார். ஆனா அந்த ரூமுக்குப் போயிட்டு வந்தா ஜாஸ்தியாகுது."

'அந்த ரூம்' என்பது சமையலறையை ஒட்டிய பின்அறை. அவள் கணவர் மிக்ஸியும் மோட்டாரும் ரிப்பேர் செய்வது அங்கேதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அப்போது இவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்து, தரையில் இருந்த சாமானெல்லாம் பாழ். சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரி போட்டுவிட்டார். எக்ஸாஸ்ட் ஃபேனும் வென்டிலேட்டரும் அதன் பின்னால் போய்விட்டன! ஃபேன் என்னவோ சுற்றுகிறது. அட்டைப்பெட்டியின் முதுகைத்தான் உறிஞ்சுகிறது.

ஈயப்பற்று வைக்கும்போது எழும் புகையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அதில் கலந்த ரோசின் சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும். தின்னர் ஆவியோ காற்றைவிடக் கனம், தரையோடு படியும். தவழும் குழந்தையின் மூக்கு இருப்பதும் அங்கேதானே?

மறுநாளே அலமாரியைக் கழற்றினோம். முதலில் ஃபேனையும் வென்டிலேட்டரையும் சுற்றிச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டேன். துடைக்கக் கையும் ஸ்டூலும் போக வேண்டுமே, அந்த அளவுக்குப் பெரிய கட்டம். அதற்குள் தட்டே கிடையாது. மற்றத் தட்டுகளை மழையில் ஊறிய சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போட்டோம். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். கனமான மோட்டார்கள் கீழே, ஆனால் வெள்ளம் வந்த கோட்டுக்கு மேலே. வேலை மேஜை ஃபேனுக்கு அடியில். புகை முகத்துக்கு வராமல் மேலே போய்விடும்.

இன்னொன்று. வெளியே தள்ளும் காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வர வேண்டும். கதவைச் சாத்தி, அடியில் சாக்கையும் திணித்திருந்தார்கள்! எடுத்துவிட்டு, கதவடியில் ஒரு தையல் நூலைப் பிடித்துப் பார்த்தோம்; உள்பக்கம் அசைந்தது. ஊதுபத்தி ஏற்றிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், தின்னர் இருக்கும் அறையில் நெருப்பே கூடாது. சாதாரண ஃபேன் மோட்டாரின் பொறிகூட அந்த ஆவிக்குப் போதும். அதனால் தின்னர், வார்னிஷ் டின்கள் வெளித் தாழ்வாரத்து நிழலில், பூட்டுப் பெட்டிக்குள் போயின.

சமையலறையையும் விடவில்லை. கேஸும் காற்றைவிடக் கனமானதுதான். சிலிண்டர் பக்கத்தில் தரையோடு இருந்த ஜாலியை அரிசி டிரம் மறைத்திருந்தது, நகர்த்தினோம்.

"ஒரு தட்டு முழுசா வேஸ்ட்டாப் போச்சே" என்று முணுமுணுத்தார் அவர்.

நாத்தனார் வாயே திறக்கவில்லை. வேலை நேரத்தில் குழந்தை உள்ளே போகாதபடி வாசலில் மரத்தடுப்பு வைக்க, தச்சருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.