மோட்டார் சைக்கிள் சைலன்சர் மேம்பாடு

மோட்டார் சைக்கிள் சைலன்சர் மேம்பாடு என்பது, வண்டியின் புகைபோக்கி அமைப்பைப் பழுது நீக்கியோ அதன் உறுப்புகளை மாற்றியோ சீர்செய்யும் பணியாகும். சில கருவிகளும் பொறுமையும் இருந்தால் இப்பணியின் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் புகைபோக்கி தனித்து இயங்கும் குழாய் அன்று. எஞ்சினின் எரிபொருள் அளவு, வெப்பம், புகையின் தூய்மை, ஒலி ஆகிய நான்கும் அதனுடன் பிணைந்துள்ளன. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் மாறும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூர் வட்டாரத்தில் இப்பொருளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் இவ்வட்டாரத்தின் வழியே செல்கின்றன. சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி விடுமுறை நாட்களில் வரும் இளைஞர்களின் வண்டிகளை இவ்விரு சாலைகளிலும் காணலாம். மேற்கே அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தின் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் தொழிற்சாலைகள் உள்ளன. சைலன்சர் மாற்றம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்நிறுவனத்தின் புல்லட் வண்டியே.

உறுப்புகள்

எஞ்சின் தலையிலிருந்து வெளியேறும் வளைந்த குழாயை மெக்கானிக்குகள் பெண்ட் பைப் என்பர். எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் என்னும் வளையம் புகைக் கசிவைத் தடுக்கிறது. குழாயின் பின்பகுதியில் உள்ள பெரிய உருளையே சைலன்சர். அதனுள் தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். சிலவற்றில் ஒலியை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சு திணிக்கப்பட்டிருக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி தயாரான வண்டிகளில் மேலும் இரண்டு உறுப்புகள் முக்கியமானவை. ஒன்று வினையூக்கி மாற்றி. தேன்கூடு போன்ற இதன் உட்பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றை இது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. மற்றொன்று ஆக்சிஜன் சென்சார். புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்ய எஞ்சினின் கணினிக்கு இது உதவுகிறது.

ஒலி பிறக்கும் விதம்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நின்ற நிலையில் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் 500 வெடிப்புகள் நிகழும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8. இந்த வேகத்தில் காது ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே பிரித்துணரும். புல்லட்டின் ‘டப் டப்’ ஒலி இப்படித்தான் உண்டாகிறது. 4,000 சுற்றில் நொடிக்கு 33 வெடிப்புகள் ஆகின்றன. அப்போது துடிப்புகள் ஒன்றாகக் கலந்து முழக்கமாகக் கேட்கும்.

சைலன்சரின் அறைகளில் இந்த அழுத்த அலைகள் விரிந்தும் மோதித் திரும்பியும் வலுவிழக்கின்றன. தடுப்புத் தகடுகளை அகற்றினாலோ நேர்குழாய் பொருத்தினாலோ அலைகள் வலுக்குறையாமல் வெளியேறும். ஒலி கூடுவதற்குக் காரணம் இதுவே; எஞ்சின் கூடுதல் வலிமை பெற்றதன்று.

ஒலியும் எஞ்சின் திறனும்

ஒலி கூடினால் வேகமும் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. புகை எளிதாக வெளியேறினால் எஞ்சின் சிறிது நன்றாக மூச்சு விடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கேற்ப உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் சீரமைக்கப்படாவிட்டால் பயன் கிடைக்காது. சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் திறன் பெரும்பாலும் ஓட்டுபவரால் உணர முடியாத அளவே. உரத்த ஒலியால் வண்டி வேகமாகச் செல்வதாகத் தோன்றும். ஒரே தூரத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓடிக் கடிகாரத்தில் நேரம் பார்த்தால் உண்மை தெரியும்.

பெட்ரோல் போதாமல் காற்று மிகுந்து எரிவதை ‘லீன்’ ஓட்டம் என்பர். கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் ஜெட் மாற்றிச் சரிசெய்யாமல் திறந்த சைலன்சர் பொருத்தினால் இந்நிலை ஏற்படக்கூடும். எஞ்சின் மிகையாகச் சூடேறுவது, பெண்ட் பைப் நீலம் பாய்வது, ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘படபட’ என வெடிப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த வெடிப்பைச் சிலர் பெருமையாகக் கருதுவதுண்டு. எரியாத கலவை வெளியே வந்து சூடான குழாயில் தீப்பிடிப்பதே அது. இணைப்பில் புகைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே வெடிப்பு உண்டாகும். ஆகவே சைலன்சரைக் குறை சொல்வதற்கு முன் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

பெட்ரோல் தெளிப்பு முறை கொண்ட புதிய வண்டிகளில் கணினி ஓரளவுக்குத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் வினையூக்கி மாற்றியை வெட்டி எறிந்தால் அதனால் எந்தச் சரிக்கட்டலும் செய்ய இயலாது. நச்சு வாயுக்கள் அப்படியே தெருவுக்கு வரும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள்

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் புகைபோக்கியின் பங்கு இன்னும் பெரியது. நடுவில் பருத்து இருபுறமும் குறுகும் அதன் வடிவம், வெளியே தப்ப முயலும் புதிய கலவையை அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்சட் நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன் இந்த வடிவத்தை வளர்த்தெடுத்தார். நீளமோ விட்டமோ மாறினால் அலை திரும்பும் நேரமும் மாறிவிடும். எனவே இவ்வண்டிகளில் குழாயை வெட்டுவது திறனைக் குறைக்கவே வாய்ப்பு அதிகம். எரிந்த ஆயிலின் கரி உள்குழாயில் படிந்து அடைப்பதே இவற்றின் வழக்கமான குறை. உள்குழாயைக் கழற்றிக் கரி நீக்கினாலே வண்டி பழைய இழுவையைப் பெறும்.

கடற்கரையும் துருவும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடலோரத்தில் உப்புக்காற்று சைலன்சரை வெளியிலிருந்து அரிக்கிறது. ஆனால் துரு உள்ளிருந்தும் தொடங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட பயணத்தில் சைலன்சர் முழுவதும் சூடேறி இந்த ஆவி வெளியேறிவிடும். கடைத்தெருவுக்குப் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் சைலன்சர் சூடேறாததால் ஆவி குளிர்ந்து நீராகத் தேங்கும். புகையிலுள்ள அமிலத்தன்மை கொண்ட பொருள்கள் அந்நீரில் கரைந்து தகட்டை அரிக்கும்.

பல சைலன்சர்களின் அடியில் உள்ள சிறு துளை இந்த நீர் வடிவதற்கானது. அதை ஓட்டை என்று கருதி அடைத்துவிடக் கூடாது. கடற்கரைக்குச் சென்று வந்தபின், சைலன்சர் ஆறியதும் நல்ல நீரால் கழுவித் துடைப்பது ஆயுளைக் கூட்டும். மாற்ற வேண்டிய நிலை வந்தால், கடலோர ஊர்களுக்குக் குரோம் பூசிய சாதாரண எஃகைவிடத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது.

ஒலி அளவும் சட்டமும்

உற்பத்தியின்போது மோட்டார் சைக்கிளின் ஒலி, எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து வரையறுக்கப்பட்டுள்ளது. 80 சிசி வரை 75 டெசிபெல், 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபெல், அதற்கு மேல் 80 டெசிபெல். வண்டி கடந்து செல்லும்போது 7.5 மீட்டர் தொலைவிலிருந்து இது அளக்கப்படுகிறது.

டெசிபெல் சாதாரண எண்ணிக்கை போன்றதன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்காகும். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் 6 டெசிபெல் கூடும். எனவே 7.5 மீட்டரில் 80 டெசிபெல் தரும் வண்டி 3.75 மீட்டரில் 86 டெசிபெல் தரும். ஊருக்குள் குறுகிய தெருவில் வாசல் திண்ணைக்கும் வண்டிக்கும் இடையே இந்த இடைவெளிகூட இருப்பதில்லை. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலங்களில் இது முறையே 50, 40 ஆகும். தொட்டிலில் உறங்கும் குழந்தையும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், நெஞ்சுநோய் உள்ள முதியவரும் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120ஆம் விதி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறை ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பும் உண்டு. சாலையோரச் சோதனையில் வசூலிக்கப்படும் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கிறது.

எனவே சாலையில் ஓடும் வண்டிக்கு ஏற்றது, அந்த மாடலுக்கென்றே உற்பத்தியாளர் விற்கும் சைலன்சர். வினையூக்கி மாற்றியும் சென்சாரும் அப்படியே இருக்க வேண்டும். ‘பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று உறையில் அச்சிடப்பட்டவை சாலைக்கு உரியவை அல்ல.

வீட்டில் மாற்றும் முறை

தேவையானவை: அளவுக்கேற்ற சாக்கெட் ஸ்பேனர்கள், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச், துருவை இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, புதிய கேஸ்கெட்.

1. முந்தைய நாள் இரவே பெண்ட் பைப் நட்டுகளுக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும்.
2. எஞ்சின் முழுவதும் ஆறியபின், சமதளத்தில் நடு ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்த வேண்டும்.
3. சைலன்சரை மட்டும் மாற்றுவதானால் கிளாம்ப்பையும் பின்பக்கத் தாங்கு போல்ட்டையும் கழற்றினால் போதும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது மறு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.
4. பெண்ட் பைப்பையும் எடுப்பதானால் முதலில் ஆக்சிஜன் சென்சாரின் மின்னிணைப்பைப் பிரிக்க வேண்டும். அதன் கம்பி முறுக்கிக்கொள்ளக் கூடாது.
5. நட்டு அசையாவிட்டால் பலங்கொண்டு திருகக் கூடாது. அலுமினியத் தலையில் உள்ள ஸ்டட் முறிந்தால் செலவு பன்மடங்காகும். அந்த நிலையில் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம்.
6. பழைய கேஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதை வைப்பது கசிவுக்கு வழி.
7. எல்லா உறுப்புகளையும் முதலில் கையால் மட்டும் முடுக்க வேண்டும். பிறகு எஞ்சின் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகவும், அடுத்துக் கிளாம்ப்பையும், இறுதியில் தாங்கு போல்ட்டையும் இறுக்க வேண்டும். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு நிற்கும். நாளடைவில் விரிசல் விடும். முடுக்கு விசையின் அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.
8. குழாயின் மேல் உள்ள கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும். இல்லையெனில் சூட்டில் கறையாகப் படிந்துவிடும்.
9. எஞ்சினை இயக்கி இணைப்புகளில் ‘சிக் சிக்’ ஒலி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் இணைப்பைச் சுற்றிக் கருமை படிந்திருந்தால் அங்கே கசிவு உள்ளது.
10. ஒருமுறை ஓட்டி, நன்கு ஆறியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய இடத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே கதவடைத்த அறையிலோ வாகனக் கொட்டகையிலோ எஞ்சினை இயக்கக் கூடாது. வாசலுக்குக் கொண்டுவந்தே சோதிக்க வேண்டும்.

சைலன்சர் கெண்டைக்காலில் சுட்டுவிட்டால், உடனே ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடம் வரை காட்ட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள் போன்றவற்றைத் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சைலன்சரின் மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை அழகுக்காக நீக்குவது, பின்னால் அமர்ந்து வருபவரின் காலுக்கு ஆபத்தாகும். பெரும்பாலும் அவர் வீட்டிலுள்ள ஒருவராகவே இருப்பார்.

பழைய சைலன்சரை வைத்திருத்தல்

கழற்றிய சைலன்சர் நல்ல நிலையில் இருந்தால் உடனே பழைய இரும்புக் கடையில் போடாமல் எடுத்து வைப்பது நல்லது. வண்டியை விற்கும்போதோ, புகைப் பரிசோதனையில் தேறாதபோதோ, புதியது ஒத்துவராதபோதோ அது உதவும். உள்ளே உள்ள நீரை வடித்து, உலர்ந்த இடத்தில் முனைகளைத் துணியால் கட்டி வைத்தால் நெடுநாள் கெடாது.