நான்கு இருபதுகள்

பாரிஸ் தெருச்சந்தையில் ஒரு கிலோ தக்காளி 1 யூரோ 95 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். விலை அட்டையில் எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. கடைக்காரர் வாயால் சொன்னால், பிரெஞ்சு படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனவர் திகைத்து நின்றுவிடுவார். அவர் காதில் விழுவது 'கத்ர்-வேன்-கேன்ஸ்'. நான்கு, இருபது, பதினைந்து. நாலிருபது எண்பது, அதோடு பதினைந்து சேர்த்தால் தொண்ணூற்றைந்து. மனக்கணக்கு முடிவதற்குள் பின்னால் நிற்பவர் பையை நீட்டியிருப்பார்.

எழுபதை 'அறுபது-பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபதுகள்' என்றும் சொல்லும் பழக்கம், இருபது இருபதாக எண்ணிய பழைய காலத்தின் எச்சம். 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற 300 பேருக்காகப் பாரிஸில் நிறுவிய இல்லத்தின் பெயர் 'பதினைந்து இருபதுகள்'. இன்று அது கண் மருத்துவமனை. பெயர் மட்டும் மாறவில்லை. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுபவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்களையே வைத்திருக்கிறார்கள்.

தமிழ் எண்களிலும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. நூறு வருவதற்கு முன்பே அதற்குள் 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் இதற்காக நின்று யோசிப்பதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பிரெஞ்சின் தொண்ணூற்றைந்தும் அப்படித்தான் படிய வேண்டும். கணக்குப் போடுவதை விட்டு, முழுச் சொல்லாகக் காது வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவை நாட்கள்.

எத்தனை நாட்கள்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க ஒதுக்குவது சுமார் 30 வாரம், வகுப்பு நேரம் மட்டும் ஏறத்தாழ 750 மணி. அவர்களுக்குப் படிப்பதுதான் முழுநேர வேலை. அவர்களுடைய ஆங்கிலத்திலோ பாதிச் சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு தினமும் அரைமணி நேரம் படிக்கிறவர் அதே 750 மணியைத் தொட 1,500 நாள் ஆகும். நான்கு ஆண்டுகளுக்கு மேல். 'மூன்றே மாதத்தில் பிரெஞ்சு' என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்து, நான்காம் மாதம் 'நமக்கு வராது' என்று விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்திருந்தால் தங்களை நொந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

வயதைக் காரணம் சொல்பவர்களும் ஏராளம். கேத்தரின் ஸ்னோ, மரியான் ஹூஃப்நாகல் என்ற இரு ஆய்வாளர்கள், நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற, ஆங்கிலம் பேசும் குடும்பங்களைக் கவனித்து 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். பிற்பாடு குழந்தைகள் முந்துவார்கள், உச்சரிப்பில் குறிப்பாக. ஆனால் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு மூளை ஒத்துழைக்காது என்பது உண்மையில்லை.

தமிழர்களுக்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம். ஆங்கிலத்தில் இல்லாத ஒலியையும் இலக்கணத்தையும் ஆங்கிலத்தில் விளக்கக் கேட்டு, பெரிய மலை என்று மிரள்கிறோம். அவற்றில் பல தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன.

'வூ', 'து' என்ற இரண்டு முன்னிலைச் சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயருக்கு இதற்குத் தனிப் பாடம் வேண்டும். தமிழருக்கு ஒரே வரி போதும்: 'வூ' என்றால் நீங்கள், 'து' என்றால் நீ. பன்மையே மரியாதைக்கும் வருவதுகூட அச்சு அசலாக நம் வழக்கம்தான். மூக்கொலியும் அப்படியே. யாரும் பேச்சில் 'வந்தான்' என்று னகர மெய்யை அழுத்திச் சொல்வதில்லை. 'வந்தா' என்று இழுத்து, கடைசி உயிரை மூக்கில் ஏற்றி விடுகிறோம். 'மரம்', 'பழம்' எல்லாம் இப்படித்தான். 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவிலும் இதே மூக்குயிர்தான். சொற்கள் சேரும் விதமும் நமக்குப் பழகியதுதான். 'லே', 'ஆமி' இரண்டும் சேர்ந்தால் 'லேஸாமி' ஆகிறது, நண்பர்கள் என்று பொருள். 'ஆ', 'இல்' சேரும்போது நடுவில் ஒரு தகரம் புகுந்து 'ஆத்தில்' ஆகிறது. திருவும் ஆரூரும் சேர நடுவில் வகரம் வந்து திருவாரூர் ஆவதைப் பள்ளியில் உடம்படுமெய் என்று படித்தவருக்கு இது புதிதா?

தமிழில் இல்லாத ஒலியையும் பிடிக்கலாம். தெருவைக் குறிக்கும் சொல்லிலும் 'து'விலும் வருவது நம் உகரம் அல்ல. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோலக் குவித்தால் அந்த ஒலி வந்துவிடும். கண்ணாடி முன் நின்று பத்து நாள் செய்தால் போதும்.

காதை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. பாரிஸில், பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்பான அலியான்ஸ் பிரான்சேஸ் தோன்றிய ஆறாவது ஆண்டில், 1889-இல், அந்த ஊரில் அதன் கிளை வந்துவிட்டது. ஆனால் வகுப்பறை வாசலையே மிதிக்காதவர்களும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைச் 'சொல்தா' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் கடைசியாக ஒரு தகரம் உண்டு. பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிப்பதில்லை, புதுச்சேரிக்காரரும் உச்சரிப்பதில்லை. பதிலுக்கு நம் வெட்டிவேர், 'வெத்திவேர்' என்ற பெயரில் பிரெஞ்சு வாசனைத் திரவியப் புட்டிகளில் ஏறிவிட்டது.

நிஜமாகவே கடினமானது பால்பாகுபாடு. உயிரில்லாததை அஃறிணையில் வைத்துப் பழகிய நமக்கு, மேசை பெண், புத்தகம் ஆண் என்பது எளிதில் ஒட்டாது. அதே 'லீவ்ர்' என்ற சொல் ஆண்பாலில் புத்தகம், பெண்பாலில் பவுண்டு. இங்கே பொறுமையைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. ஆனால் பொறுமைக்கு ஒரு கருவி உண்டு. ஜெர்மன் மொழியில் எழுதிய இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் தன் நூலில் சொன்ன சீட்டுப்பெட்டி அது. ஒரு அட்டைப்பெட்டியில் ஐந்து தடுப்பு. சீட்டின் ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் பிரெஞ்சுச் சொல், பால் காட்டும் முன்சொல்லோடு. எல்லாச் சீட்டும் முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால் எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார்க்க வேண்டும். கடைசித் தடுப்பை எப்போதாவது பார்த்தால் போதும். பிடிவாதமான சொல் தானாகவே அடிக்கடி கைக்கு வரும்.

இந்தப் பொறுமை எல்லோருக்கும் பொழுதுபோக்கு அல்ல. பாரிஸ் லாச்சப்பல் பகுதியைச் சுற்றி வாழும் ஈழத்தமிழர் பலர், உணவகச் சமையலறைகளில் 'ப்ளோஞ்ஜ்' எனப்படும் பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கியவர்கள். அடுப்படிக்கு வேண்டிய பிரெஞ்சு அவர்களுக்குச் சரளம். ஆனால் 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பத்து வருட வதிவிடக் கார்டுக்கு நடுத்தரமான பி1, குடியுரிமைக்கு அதற்கும் மேலான பி2 நிலை பிரெஞ்சு கேட்கிறார்கள். பி2 என்றால் வாதத்தை எடுத்து வைத்து எழுதத் தெரிய வேண்டும். நள்ளிரவில் வேலை முடிந்து திரும்புகிறவரிடம் இதைக் கேட்பது சாதாரணக் கோரிக்கை அல்ல. அவர்களுக்குத் தமிழ் வழியில் எழுதிய நல்ல பாடநூல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

ஓரளவு தேறியவருக்கு, ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட நாவல் ஒன்று கைகொடுக்கும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த 'அந்நியன்'தான் அது. பிரெஞ்சு நாவல்களுக்கு வழக்கமான இலக்கிய இறந்தகாலத்தை விட்டு, அன்றாடப் பேச்சின் இறந்தகாலத்திலேயே காம்யு பெரும்பாலும் கதை சொல்கிறார். தொடக்க வகுப்புகளில் கற்பிப்பதும் அதே இறந்தகாலம்தான். வாக்கியங்களும் குட்டை. தமிழ் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலோடு வாரம் ஒரு பக்கம் படித்தாலும் நகரும். முதல் பக்கத்திலேயே ஒரு தூரம் வரும்: கதாநாயகனின் அம்மா இருந்த முதியோர் இல்லத்துக்கும் அல்ஜியர்ஸுக்கும் இடையே 80 கிலோமீட்டர். அச்சில் அது நான்கு இருபதுகள். அந்த இடத்தில் கூட்டிப் பெருக்க நிற்காமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கண் அடுத்த வரிக்குப் போய்விடும்.