மன்னார் வளைகுடாவுக்குத் தங்கும் படகு வேண்டாம்

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே போனால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். ஆனாலும் நம் பக்கத்துக் கரையில் முக்குளித்துப் பார்க்கப் பவளப்பாறை இல்லை. நமக்கு நஞ்சையைத் தந்த காவிரி வண்டலே பவளத்துக்குப் பகை. சேறும் நன்னீரும் கலக்கும் இடத்தில் அது வளராது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் செழித்தது ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான். மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே உண்டு உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை ஸ்கூபா சிலிண்டரோடு கடலில் இறங்கும் பயணங்கள் உண்டு. அவற்றை இங்கும் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது என்பதே என் கருத்து.

அப்படிப்பட்ட படகு எட்டாத தொலைவுக்காக உருவானது. ஆஸ்திரேலியாவின் ஆஸ்ப்ரே பாறைத்திட்டு கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே இரவு தங்காமல் முக்குளிக்க வழியில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளோ பெரும்பாலும் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். பவளமும் மிகுதியாக ஆழம் குறைந்த நீரிலேயே இருக்கிறது. அங்கே பெரிய படகின் நங்கூரமும், பழகாதவர் காலில் கட்டிய துடுப்பும் நேராகப் பவளத்தின் மேல்தான் படும். நாற்றங்காலுக்குள் ஊர்வலம் விடுவது போன்றது அது. காலமும் ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழையில் நீர் கலங்கிவிடும், தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். பயணிகள் திரளும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நீர் சூடேறிப் பவளம் வெளுக்கிறது. 2010-லும் 2016-லும் இங்கே அது பெருமளவில் நடந்தது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்த காயமும் இன்னும் ஆறவில்லை. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

ஆஸ்திரேலியா பயணிகளிடம் கட்டணம் வாங்கி, படகு கட்ட மிதவை அமைத்துப் பவளத்தைக் காக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுடைய கடல் பூங்கா மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரை நெருங்குவது. ஓரிடத்துச் சுமையை வேறிடத்துக்கு மாற்ற அங்கே பரப்பு உண்டு. 1986-ல் அறிவிக்கப்பட்ட நம் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். கரையோர மக்களுக்கு வருமானம் கிடைக்குமே என்ற மறுப்புக்கு இதைவிட வலு அதிகம். பூங்கா எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடைபட்டு நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தங்கும் படகு முதலீடுள்ளவர் தொழில். அறை, சமையல், சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசர் எல்லாம் படகிலேயே இருப்பதால் பயணியின் பணம் கரையூரில் இறங்காது. மீனவருக்குச் சாத்திய கடலைச் சுற்றுலாக்காரருக்குத் திறப்பது அநீதியும்கூட. இந்தக் கடலின் அடித்தரையை அறிந்தவர்கள் தலைமுறையாகச் சங்கு குளிப்பவர்கள். சிறு குழுக்களை அவர்கள் காலையில் அழைத்துப்போய் மாலையில் கரை சேர்க்கட்டும். வெளுப்புக் காலத்தில் முழுமையாக நிறுத்தட்டும்.

தஞ்சை மாவட்டத்தாரும் இதில் வாய் திறக்க வேண்டும். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மனோராவில் கடற்பசுவுக்கென மையம் அமைக்கவும் அரசு அறிவித்திருக்கிறது. மையம் வந்தால் படகும் வரும். கடற்பசு மேயும் கடற்புல்லை நங்கூரமும் விசிறியும் கிழித்துவிடும். எத்தனை படகு, எந்த மாதம், யாருடைய படகு என்பதை மல்லிப்பட்டினத்து மீனவர்களோடு உட்கார்ந்து முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.