மின்னஞ்சல் பெட்டி நிரம்பினால்

கல்வி உதவித்தொகை, வளைகுடா வேலை, விசா என முக்கியத் தகவல்கள் இப்போது மின்னஞ்சலில்தான் வருகின்றன. பெட்டி நிரம்பியிருந்தால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வந்தது இன்னதென்று நமக்குத் தெரியாது. நம் பகுதியில் பிள்ளைகளுக்கும் வாப்பாவுக்கும் சேர்த்து ஒரே கணக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர்கள்தான் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி, கடிதத்துக்கு மட்டுமல்ல. கூகுள் டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் அதில் அடக்கம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிக்காஹ் வீடியோக்களை! பிறகு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடும் கட்டத்தின் வலது ஓரக் குறியை அழுத்தி, 10 எம்பிக்கு மேற்பட்ட கடிதங்களைத் தேடி அழிக்கலாம். அழித்தவை குப்பையில் 30 நாள் கிடந்து இடத்தை அடைக்கும். குப்பையையும் காலி செய்யுங்கள்.

அவுட்லுக்கில் 'ஸ்வீப்' வசதி உண்டு. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வந்து 10 நாள் கடந்தவற்றை அது தானாகவே அகற்றும். இதை விளம்பரக் கடிதங்களுக்கு மட்டும் வையுங்கள். கல்லூரி, வங்கி, தூதரகக் கடிதங்களுக்கு வேண்டாம். அவற்றை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள்.