பொடி வேண்டாம், பொறுமை போதும்

2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் இராசபாளையம் இனத்தில் ஒரு குட்டியைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தேன். “சதை போடப் பொடி கொடுங்க தாத்தா” என்றான் பேரன். அதை மறுத்த நானே, கால்சியம் டானிக்கைத் தாராளமாக ஊற்றினேன். நான்காம் மாதம் முன்னங்கால்கள் வளைந்தன!

“மிஞ்சிய கால்சியத்தைக் குட்டியின் குடல் தடுக்காது, எலும்பு வளர்ச்சி கெடும்” என்றார் கால்நடை மருத்துவர்.

புது மண்கரையில் போட்ட பாதையில், மண் இறுகும்வரை ரயிலை மெதுவாகத்தான் விடுவோம். எலும்பும் அப்படியே. டானிக்கை நிறுத்தினேன். குட்டிகளுக்கான சமச்சீர் உணவை நாளுக்கு 3 வேளை அளவாகக் கொடுத்தேன். குடற்புழு மருந்து, தடுப்பூசி தவறவில்லை. வழுக்கும் தரையை விட்டு மண்ணில் விளையாட விட்டேன்.

இன்று கடற்கரை மணலில் அம்பாய்ப் பாய்கிறான். இடக்காலில் மட்டும் சிறு வளைவு. அது என் அவசரத்தின் அடையாளம். அன்பர்களே, வளர்ச்சியை விலைக்கு வாங்காதீர்கள்.