வாசலில் நிற்கும் கார்

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிய எங்கள் தலைமுறைக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது, வளவுக்குப் படலை இல்லாததுதான். வேலி, மதில், கேற் என்று எல்லை கட்டி வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கண்களுக்கு, தெருவிலிருந்து வீட்டுக் கதவுவரை தடுப்பே இல்லாமல் ஓடும் டிரைவ்வே ஒரு ஆச்சரியம். அதன் முடிவில் கராஜ் உண்டு. ஆனால் அதற்குள் கார் நின்ற வீடுகள் குறைவு. பனி தள்ளும் இயந்திரம், அரிசி மூட்டை, கொண்டாட்டங்களுக்குச் சமைக்கும் பெரிய சட்டிகள், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் எறிய மனம் வராத சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்து அதைக் களஞ்சியமாக்கிவிடும். கார் இரவும் பகலும் வெளியேதான் நிற்கும்.

தொண்ணூறுகளில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. குளிர் உறைக்கும் தை மாதத்துக் காலைகளில் காரை ஸ்டார்ட் பண்ணி, திறப்பை அதிலேயே விட்டுவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை இஞ்சின் சூடேறிக்கொண்டிருக்கும். பூட்டுத் துவாரத்துக்குள் தண்ணீர் உறைந்து திறப்பு நுழையாமல் போய்விடும் என்று இரவில் கதவைப் பூட்டாமலே விட்டவர்களும் உண்டு. வந்து சேர்ந்த ஆண்டுகளில் எங்கள் ஆட்கள் ஓடியவை பெரும்பாலும் மூன்றாம் நான்காம் கை மாறிய கார்கள். யார் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற எண்ணம்.

உண்மையில் அந்தக் காலத்தில் கார்க் களவு குறைவாக இருக்கவில்லை. கனடாவில் அது உச்சத்தைத் தொட்டதே தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்தான். ஆனால் கள்ளரின் வகை வேறு. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியை உடைத்து, ஸ்குரூ டிரைவரால் திருகி ஸ்டார்ட் பண்ணத் தெரிந்த விடலைப் பையன்களே அதில் பலர். ஓர் இரவு ஓடித் திரிந்துவிட்டு எங்காவது பிளாசாவின் பின்பக்கம் விட்டுவிட்டுப் போவார்கள். பொலிஸ் கூப்பிட்டுச் சொல்லும். போய் எடுத்து வரலாம். இதில் மிக மோசமாக அடிபட்ட நகரம் வினிபெக். அங்கே 2005 முதல், களவுபோகும் வாய்ப்பு அதிகமுள்ள பழைய கார்களுக்கு மாகாணத்தின் பொதுக் காப்புறுதிக் கழகமே செலவை ஏற்று இம்மொபிலைசர் பூட்டிக் கொடுத்தது. அடிக்கடி பிடிபட்ட இளைஞர்களையும் நெருக்கமாகக் கண்காணித்தார்கள். சில ஆண்டுகளில் களவு பல மடங்கு குறைந்தது.

இம்மொபிலைசர் என்பது திறப்பின் தலைக்குள் இருக்கும் சிறிய சில்லு ஒன்றின் குறியீட்டைக் கார் கேட்டு வாங்கும் ஏற்பாடு. குறியீடு பொருந்தாவிட்டால் கம்பிகளை எப்படி இணைத்தாலும் இஞ்சின் ஓடாது. 2007 செப்டெம்பர் 1 முதல் கனடாவில் விற்கப்படும் புதிய பயணிகள் கார் ஒவ்வொன்றிலும் அது கட்டாயமானது. அதுவரை ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டிய இரும்புத் தடியைக் கழற்றி எல்லோரும் கராஜில் போட்டார்கள். நானும் போட்டேன். அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அது எங்களைக் காத்தது.

பிறகு திறப்பைக் கையில் எடுக்கவே தேவையில்லாத கார்கள் வந்தன. அது சட்டைப்பையில் கிடந்தால் போதும். கிட்டப் போனதும் கதவு திறக்கும், பொத்தானை அமர்த்தினால் இஞ்சின் ஓடும். கை நிறையச் சாமானோடு குழந்தையையும் தூக்கி வரும் தாய்க்கு இது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் காருக்கும் திறப்புக்கும் இடையிலான அந்தப் பேச்சு வானொலி அலையில் நடக்கிறது. ஒருவன் வீட்டுக் கதவோரம் ஒரு அன்ரெனாவோடு நிற்பான், மற்றவன் காரின் பக்கத்தில் நிற்பான். உள்ளே கிடக்கும் திறப்பின் மெல்லிய அலையை இவர்கள் பெருக்கிக் கொடுக்க, திறப்பு பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. எங்கள் வீடுகளில் திறப்பு தொங்குவது எங்கே? வாசல் கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே, ஆணியில்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணை காலையில் வந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “தம்பி, திறப்பு ரெண்டும் வீட்டுக்குள்ளதான் கிடக்கு. காரைத்தான் காணேல்லை.” டிரைவ்வேயில் கண்ணாடித் துண்டுகூட இருக்கவில்லை. கனவு காண்கிறேனோ என்று மனுசன் இரண்டு தரம் உள்ளே போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

அலையைப் பெருக்குவது ஒரு வழி மட்டுமே. கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, ஸ்டியரிங்கின் கீழே மெக்கானிக் கணினி செருகும் துவாரத்தில் தங்கள் கருவியைச் செருகிப் புதுத் திறப்பையே பதிந்துகொள்கிறவர்களும் உண்டு. 2022இல் இங்கிலாந்தின் லண்டனில் இயன் டேபர் என்ற கார்ப் பாதுகாப்பு ஆய்வாளரின் ரொயோட்டா ராவ்4 களவுபோனது. அதற்கு முன்னர் அதன் முன்விளக்கின் பக்கம் பிடுங்கப்பட்டிருந்தது. அவரும் கென் டிண்டெல் என்பவரும் தேடிப் பார்த்து, முன்விளக்குக்குப் போகும் கம்பி வழியாகவே காரின் உள்வலைக்குள் பொய்ச் செய்தி அனுப்பும் கருவி சந்தையில் விற்கப்படுவதை 2023இல் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த உள்வலையில் ஒரு பாகம் சொல்வதை மற்றப் பாகங்கள் சந்தேகிப்பதில்லை. விளக்கின் கம்பியும் கதவின் பூட்டும் ஒரே பேச்சைக் கேட்கும்படி வடிவமைத்தவர்கள், அந்த விளக்கு தெருவைப் பார்த்து நிற்கிறது என்பதை ஏன் எண்ணவில்லை?

கார் போகும் இடமும் மாறிவிட்டது. எடுத்த காரைப் பக்கத்துத் தெருவிலோ ஆஸ்பத்திரித் தரிப்பிடத்திலோ ஓரிரு நாள் விட்டுவைப்பார்கள். ஜிபிஎஸ் பார்த்து யாரும் தேடி வராவிட்டால் கொள்கலனில் ஏற்றி மொன்றியல் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து மேற்கு ஆபிரிக்கா, மத்திய கிழக்கு. 2024 வசந்தம்வரையான சில மாதங்களில் பொலிசாரும் எல்லைச் சேவையும் அந்தத் துறைமுகத்தில் திறந்த கொள்கலன்களில் மட்டும் கிட்டத்தட்ட 600 கார்கள் கிடைத்தன. 2023இல் ரொறன்ரோ நகரில் களவுபோனவை 12,000க்கும் மேல். அதே ஆண்டில் நாடு முழுவதிலும் கார்க் களவுக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்தது 150 கோடி டொலர். ரொயோட்டா ஹைலாண்டர், லெக்சஸ் ஆர்எக்ஸ், ஹொண்டா சிஆர்-வி என்று எங்கள் குடும்பங்கள் ஆசைப்பட்டுக் கடனுக்கு வாங்கும் கார்களே கள்ளரின் பட்டியலிலும் முன்னுக்கு நிற்கின்றன.

2024இன் தொடக்கத்தில் எட்டோபிக்கோவில் நடந்த சமூகக் கூட்டமொன்றில் ரொறன்ரோ பொலிஸ் அதிகாரி ஒருவர், திறப்பை வாசல் கதவருகே வைத்துவிடுங்கள், உள்ளே வந்து தாக்கப்படும் அபாயம் குறையும் என்று சொன்னார். கேட்ட மக்கள் கொதித்தார்கள். களவைத் தடுக்க வேறு வழிகளும் உண்டு என்று பொலிஸ் பிறகு அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த அதிகாரியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அலை வழியாக எடுக்க முடியாதபோது ஆயுதத்தோடு கதவை உடைத்து வந்து திறப்பைக் கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. மேல்மாடியில் பிள்ளைகள் தூங்கும்போது ஒரு காருக்காக யாரும் எதிர்த்து நிற்கக் கூடாது. அதேநேரம், வரி கட்டும் குடும்பம் ஒன்று தன் திறப்பைக் கள்ளனுக்கு வாகாக எடுத்து வைக்கவேண்டிய நிலை வந்ததற்குக் கார்க் கம்பனிகளும் அரசும் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இன்றைய இரவு ஒழுங்கு வேறு. திறப்பை அலை மறைக்கும் பைக்குள் போடுகிறோம்; கதவருகே ஆணி இல்லை. பை வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம்: பையோடு காரின் பக்கத்தில் நின்று கதவை இழுங்கள், திறந்தால் அந்தப் பையால் பயனில்லை. இரண்டாவது திறப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லாச்சிக்குள் கிடக்கும் அதுவும் பேசிக்கொண்டுதான் இருக்கும். கராஜின் ரிமோட்டைக் காருக்குள் விடக்கூடாது. அது களவுபோனால் வீட்டுக்குள் வரும் வழியும் அவர்கள் கையில். கழற்றிப் போட்ட ஸ்டியரிங் தடி மீண்டும் வந்துவிட்டது. அறுத்தெடுக்கலாம்தான், ஆனால் நேரம் எடுக்கும், சத்தம் கேட்கும். அந்தச் சில நிமிடம் கள்ளனுக்குப் பிடிக்காது. கண்காணிப்புக் கமராவை நான் அவ்வளவு நம்பவில்லை. முகமூடி போட்டவர்களை அழகாகப் படம் பிடித்துத் தரும், அவ்வளவே. கைபேசியில் கார் நிற்கும் இடம் தெரிகிறதே என்று தாங்களே தேடிப் போகிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன்: அதைப் பொலிசாரிடம் விடுங்கள்.

டிரைவ்வேயின் வாயில் இரும்புத் தூண் நடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். பகலில் நிலத்துக்குள் இறக்கி, இரவில் மேலே தூக்கிப் பூட்டுகிற தூண். என் பார்வையில், கராஜை வெறுமையாக்கிக் காரை உள்ளே விட முடியாத வீட்டுக்கு இதைவிட உறுதியான காவல் இல்லை, ஏனென்றால் இதற்கு அலையும் தெரியாது குறியீடும் தெரியாது. ஆனால் ஆயிரம் டொலருக்கு மேல் செலவு. இரண்டு கார் அகல டிரைவ்வேக்கு ஒன்று போதாது. தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்குச் சொல்லி எரிவாயு, மின்சாரக் குழாய்களின் இடத்தைக் குறித்துத் தரச் சொல்ல வேண்டும். அது சட்டம், காசும் இல்லை. தெருவோரத்துத் துண்டு நகரசபையின் நிலம் என்பதால் தூண் அதற்கு உள்ளே நிற்கவேண்டும். மாரியில் குழிக்குள் தண்ணீர் போய் உறைந்தால் தூண் அசையாது. வடிகால் வைத்து நட்டவர்கள் தப்பினார்கள்.

பின்னேரங்களில் டிரைவ்வேயில் பிள்ளைகள் ஹொக்கி அடிப்பது இன்னும் நிற்கவில்லை. ஆனால் தெரியாத கார் ஒன்று மெல்ல ஓடி வந்தால் தெருவே நிமிர்ந்து பார்க்கிறது. விலாசம் தேடி வந்த அப்பாவி விருந்தாளியின் படமும் அயலவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடுகிறது. இந்த மாற்றம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

2024இல் நாடு முழுவதிலும் கார்க் களவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூடியது, மே மாதம் செயல்திட்டம் வந்தது, கார்க் களவுக்கான மின்னணுக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம் என்று குற்றவியல் சட்டமும் திருத்தப்பட்டது. பழைய இம்மொபிலைசர் தரத்தை இக்காலத்துக்கு ஏற்பப் புதுப்பிப்பதும் அந்தச் செயல்திட்டத்தில் உண்டு. அது வரும் புதிய கார்களுக்கு. இப்போது டிரைவ்வேக்களில் நிற்கும் கார்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடும். அவற்றின் ஓட்டையை அடைக்கும் செலவைத் தூணாகவும் தடியாகவும் கூட்டிய காப்புறுதிக் கட்டணமாகவும் வீட்டுக்காரர்களே சுமக்கிறார்கள். வினிபெக்கில் பழைய கார்களுக்கும் பொதுக் காசில் பூட்டுப் போட முடிந்தது. அதை ஒன்ராறியோவிலும் கேட்க வேண்டும், கார் செய்தவர்களையும் அந்தச் செலவில் பங்கு போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.